எண்ணெய் கொழிக்கும் அஜர்பைஜானில் வயல்கள் ஏன் வாடுகின்றன?

அஜர்பைஜானின் ஏற்றுமதி வருவாயில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு எண்ணெயிலும் எரிவாயுவிலும் இருந்து வருகிறது. ஆனால் அங்கே வேலை செய்வோரில் மூன்றில் ஒருவருக்கு மேல் நம்பியிருப்பது விவசாயத்தை. நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் அதன் பங்கோ சுமார் 6 சதவீதம்தான். இத்தனை பேர் உழைத்தும் வருமானம் ஏன் இவ்வளவு குறைவு?

துண்டு நிலங்கள்

சோவியத் காலத்தில் நிலம் கூட்டுப்பண்ணைகளிடமும் அரசுப் பண்ணைகளிடமும் இருந்தது. 1996-ல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், அதைக் கிராமத்துக் குடும்பங்களுக்கு இலவசமாகப் பிரித்துக் கொடுத்தது. நியாயமான பங்கீடுதான். ஆனால் பெரும்பாலானோருக்குக் கிடைத்தது சில ஹெக்டேர் மட்டுமே. வாய்க்கால்களும் இயந்திரங்களும் பெரும் பண்ணைகளுக்காக அமைந்தவை. அவற்றைப் பராமரிக்கத் தனி விவசாயியால் முடியவில்லை.

உப்புப் பூக்கும் மண்

முக்கிய பாசனப் பகுதி குரா–அராஸ் சமவெளி. குரா ஆற்றில் 1953-ல் கட்டிமுடித்த மிங்கசெவிர் அணை அங்கே பாசனத்தை விரிவாக்கியது. மழை குறைந்த அந்தச் சமவெளியில் பாய்ச்சும் நீர் வடியாவிட்டால் நிலத்தடி நீர் மேலேறும். வெயிலில் அது ஆவியாகி, உப்பு மட்டும் தங்கிவிடும். வடிகால் தூர்ந்த இடங்களில் மண் வெள்ளை பூத்துக் கிடக்க, பயிர் திட்டுத்திட்டாகக் கருகுகிறது. 2020 கோடையில் குராவில் நீர்வரத்து சரிந்து, கழிமுகத்தில் காஸ்பியன் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறியது. கடைமடை விவசாயிகள் பாசனத்துக்கும் குடிநீருக்கும் தவித்தனர்.

எண்ணெய் விலையோடு ஆடும் கொள்கை

எண்ணெய்ப் பணம் பெருகியபோது மனாத் நாணயம் வலுத்தது. இறக்குமதிப் பொருள்கள் மலிந்தன. எண்ணெய் விலை சரிந்த பிறகு, 2015-ல் இருமுறை மதிப்பிழந்து, டாலருக்கு எதிராக மனாத் பாதியானது. உடனே அரசின் பார்வை வயல் பக்கம் திரும்பியது. 2015-ல் 20,000 ஹெக்டேருக்கும் குறைவாக இருந்த பருத்திச் சாகுபடி, 2017-ல் 1,30,000 ஹெக்டேரைத் தாண்டியது. தண்ணீர் தட்டுப்பாடான நாட்டில், தண்ணீர் அதிகம் கேட்கும் பயிர் அது. தக்காளி விவசாயிகளுக்கு வேறு கவலை: முக்கியச் சந்தையான ரஷ்யா, 2020 டிசம்பரில் திடீரென இறக்குமதிக்குத் தடை விதித்தது.

எண்ணெய் வருவாயைச் சேமிக்க 1999-லேயே தனி நிதியம் கண்ட நாடு இது. பணம் இருக்கும்போதே வடிகால்களைத் தூர்வாரி, வாய்க்கால் கசிவை அடைத்து, சிறு விவசாயிகள் கூட்டாக விற்க வழிசெய்ய வேண்டும். எண்ணெய்க் கிணறு வற்றிய பின்னும் மக்களுக்குச் சோறு போட வேண்டியது இந்த மண்தான்.