பனிக்குள் புதைந்த கம்பியும் பேசும்!

நம்ம மங்கலத்துல ஐஸ் பார்க்கணும்னா ஐஸ் வண்டி வரணும். ஆனா அண்டார்டிகாவில் நம் நாடு 1983-84ல் அமைத்த ‘தட்சிண கங்கோத்ரி’ நிலையம் பனியிலேயே புதைஞ்சு போச்சு. 1990-ல் அதைக் கைவிட்டார்கள். அந்த மாதிரி இடத்தில் ரேடியோ ஏரியலை நட்டால் வேலை செய்யுமா?

உரிமம் வாங்கி, சொந்தமா வயர்லெஸ் நிலையம் வைத்துப் பேசுபவர்கள்தான் ‘ஹாம்’கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானில் தொலைபேசி துண்டானபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற ஹாம்தான் தன் நிலையத்தை வைத்துச் செய்திகளை வெளியே அனுப்பினார்.

அவர்கள் பயன்படுத்தும் ஏரியல்களில் ஒன்று செங்குத்துக் கம்பி. உயரம், அலைநீளத்தில் கால் பங்கு. 14 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 300-ஐ 14-ஆல் வகுத்தால் சுமார் 21 மீட்டர். அப்ப கம்பி 5 மீட்டருக்குக் கொஞ்சம் மேல, மூணு ஆள் உயரம். ஆனா இது பாதி ஏரியல்தான். மீதிப் பாதி தரை! கம்பியில் ஏறும் மின்னோட்டம் தரை வழியாத்தான் திரும்பணும். கடற்கரை உப்புத் தண்ணீர் இதுக்கு அருமையான தரை. பனியன் கம்பெனி எர்த்துக் குழியில் உப்பும் கரியும் போட்டு, கோடையில் தண்ணி ஊத்துறாங்களே, ஏன்? காய்ந்த மண் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. உறைந்த பனி அதைவிட மோசம்.

அதனால் கம்பியின் அடியிலிருந்து சைக்கிள் சக்கரக் கம்பி மாதிரி நாலாபுறமும் ஒயர்களை விரிப்பார்கள். இதற்கு ‘ரேடியல்’ என்று பெயர். அது மேலே பனி மூடினால்? ஒண்ணும் ஆகாது! ஒப்புமை விடுதிறன் தண்ணீருக்கு சுமார் 80, பனிக்கட்டிக்கு சுமார் 3, புதுசா விழுந்த உலர் பனிக்கு 1-ஐ விடக் கொஞ்சம்தான் அதிகம். காற்றுக்கு 1. அதாவது ரேடியோ அலைக்கு உலர் பனி கிட்டத்தட்ட காற்று மாதிரிதான். பனி உருகி ஈரமானால்தான் தொல்லை. அலை வீணாகும், டியூனிங் மாறும், இணைப்புப் பெட்டிக்குள் தண்ணி இறங்கும். உள்ளே பழுதானால் தோண்டித்தான் எடுக்கணும். அதனால் பனி அதிகமாகக் குவியும் இடங்களில் ரேடியல்களை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கிக் கட்டுவது நல்லது.

இன்னொரு வேடிக்கை. காற்றில் பறக்கும் உலர் பனித்துகள் கம்பியில் உரசி மின்னேற்றம் உண்டாக்கும். பாலியஸ்டர் சட்டையைக் கழற்றும்போது ‘சடசட’ன்னு கேட்குமே, அதேதான். ரேடியோவில் ஒரே இரைச்சலா இருக்கும். மின்னேற்றம் தரைக்கு இறங்க ஒரு வழி வைக்காவிட்டால் கருவிக்கே ஆபத்து.

நம் நாட்டு ஹாம்களின் அழைப்புக் குறி பெரும்பாலும் வியூ2, வியூ3 என்று தொடங்கும். உரிமத் தேர்வு எழுத 12 வயது நிரம்பினால் போதும். எட்டாம் வகுப்புக்காரங்க எல்லாருக்கும் வயசு ஆயாச்சு!