கூந்தல் கதைகள் – 9: சாய்ந்த கொண்டை

ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர். கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போகிறவர்கள், ஆண்டாள் கையிலுள்ள கிளியைத்தான் முதலில் தேடுவார்கள். தினமும் இலைகளால் புதிதாகக் கட்டுகிற கிளி, மாதுளம்பூ மூக்கு. அதன் புகழில் ஆண்டாளின் கொண்டையை யாரும் கவனிப்பதில்லை.

உச்சியிலும் இல்லாமல், பிடரியிலும் இல்லாமல், பக்கவாட்டில் சரிந்து நிற்கும் கொண்டை அது. திருநெல்வேலிப் பக்கம் கிருஷ்ணாபுரம் கோயில் தூண்களையும் மதுரை மண்டபங்களையும் நிதானமாகப் பார்த்தவர்களுக்கு இது பழகிய முகம். அங்கே கும்பிட்ட கையோடு நிற்கும் ஆண்களுக்குக்கூடக் கொண்டை சரிந்துதான் இருக்கும். ஆண்டாள் வாழ்ந்தது எட்டாம் அல்லது ஒன்பதாம் நூற்றாண்டு என்பார்கள். கொண்டை மட்டும் நாயக்கர் காலத்து மோஸ்தர் என்றே எனக்குப் படுகிறது. பக்தர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவரவர் காலத்து உயர்ந்த அலங்காரத்தைத்தானே அம்மனுக்குச் செய்து பார்ப்பார்கள்? 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர், ஆண்டாள் கதையை வைத்துத்தான் ‘ஆமுக்தமால்யதா’ என்ற தெலுங்குக் காவியத்தை எழுதினார்.

மோஸ்தர் மாறினால் கொண்டை என்னவாகும் என்று பார்க்க இங்கிலாந்துக்குப் போவோம். விக்டோரியா ராணி காலத்தில், 1860களில், பின்தலையில் பெரிய கொண்டை வைக்கும் மோகம் தலைவிரித்தாடியது. எட்வர்ட் மன்னர் காலத்தில் முன்முடியைத் தூக்கி நெற்றிக்கு மேல் உப்பலாக நிறுத்தினார்கள். அத்தனை முடி யாருக்கு இருக்கும்? அலங்கார மேஜையில் மூடியில் ஓட்டையுள்ள ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். சீவும்போது உதிர்ந்த முடியை அதற்குள் திணித்து வைப்பார்கள். சேர்ந்ததும் உருண்டையாக்கி, வலைக்குள் போட்டு, கொண்டைக்குள் செருகுவார்கள். அந்த உருண்டைக்குப் பேர் ‘எலி’.

நம் பாட்டிகளுக்குச் சிரிக்க உரிமையில்லை. வாசலில் உட்கார்ந்து சீவி, சீப்பில் வந்த முடியை விரலில் சுற்றி ஓட்டு இடுக்கில் செருகி வைத்தவர்கள்தானே! அது சேர்ந்தால் சவுரி. இல்லையென்றால், ஊசி பாசி விற்க வருகிறவரிடம் கொடுத்து ஒரு சீப்போ ஊக்கோ வாங்கிக்கொள்ளலாம்.

லண்டன் கொண்டைகள் 1920களுக்குள் ஒழிந்தன. முதல் உலகப் போரில் வேலைக்காரப் பெண்கள் பலர் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். எஜமானிக்குத் தலைவாரிவிட ஆளில்லை. கத்தரித்துக்கொள்வதே சுலபம் என்றாயிற்று. ரசனை மாறியது என்று சரித்திரம் எழுதுவார்கள். ஆள் போனதுதான் பெரிய காரணம் என்பேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆள் போகவில்லை. மார்கழி நீராட்ட உற்சவத்தில் ஆண்டாள் திருமுக்குளக்கரை எண்ணெய்க் காப்பு மண்டபத்துக்கு எழுந்தருள்கிறாள். மூலிகை போட்டுக் காய்ச்சிய தைலம் காத்திருக்கும். அர்ச்சகர் அவசரமில்லாமல் திருமுடியைக் கோதி, சிடுக்கு எடுத்து, தைலம் சாத்தி, கொண்டை போட்டுப் பூச்சூட்டுகிறார். வீட்டில் அம்மா மகளுக்குச் செய்கிற அதே வரிசைதான். அதை ஒருவருடைய கடமையாக்கி வைத்ததால் மோஸ்தர் மாறினாலும் கொண்டை மாறவில்லை.

கோயிலுக்கு வெளியே ஐயங்கார் வீட்டுக் கல்யாணங்களில் ஆண்டாள் கொண்டை இருக்கிறது. பரதநாட்டிய மேடையில் இருக்கிறது. இப்போது பெரும்பாலும் பியூட்டி பார்லரில், ஏற்கெனவே கட்டிவைத்த ரெடிமேட் கொண்டையைப் பின் குத்தி மாட்டிவிடுகிறார்கள். கால் மணியில் வேலை முடிகிறது. பார்வைக்கும் குறையில்லை. ஆனால் சவுரி சேர்த்து, நார் வைத்துக் கட்டி, பூத்தைத்துக் கொண்டை போடத் தெரிந்த பெரியம்மாவோ அத்தையோ உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், அடுத்த கல்யாணத்துக்கு அவரையே கூப்பிடுங்கள். பக்கத்தில் ஒரு சின்னப் பெண்ணையும் உட்காரவைத்துக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

(தொடரும்)