தாய்ப்பாலில் இவ்வளவு கொலஸ்ட்ராலா?

எண்ணெய்ப் போத்தலில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கியே பழகிவிட்டோம். அதே கண்ணோடு தாய்ப்பாலைப் பார்த்தால் திடுக்கிட்டுப் போவோம். 100 மில்லி தாய்ப்பாலில் ஏறத்தாழ 10 முதல் 15 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் உண்டு. தாவர எண்ணெய்களைக் கலந்து செய்யும் பால்மாவில் இருப்பது அதில் சிறு பங்குதான். அதனால் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ராலும், 'கெட்டது' என்று நாம் பயப்படும் எல்டிஎல்லும், பால்மாவு குடிக்கும் குழந்தைக்கு இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இது நோயில்லை. முதல் ஆண்டில் பிள்ளையின் எடை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. புதிதாக உண்டாகும் ஒவ்வொரு உயிரணுவின் சவ்வுக்கும், மூளை நரம்புகளைச் சுற்றிப் படரும் உறைக்கும் கொலஸ்ட்ரால் வேண்டும். நாற்பது வயது அப்பாவுக்கு மருத்துவர் சொன்ன அளவை வைத்து நான்கு மாதப் பிள்ளையை அளக்கக் கூடாது.

பால்மாவு குடிக்கும் குழந்தையும் கொலஸ்ட்ரால் இல்லாமல் தவிப்பதில்லை. வெளியிலிருந்து வராததை அதன் உடல் தானே கூடுதலாகத் தயாரித்துக்கொள்கிறது. இங்கேதான் ஆய்வாளர்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது. தொடக்கத்திலேயே கொலஸ்ட்ரால் தாராளமாகக் கிடைத்த உடல், பின்னாளில் அதைக் குறைவாகத் தயாரிக்கப் பழகிவிடுமோ? 2008இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 17 ஆய்வுகளைச் சேர்ந்த சுமார் 17,500 பெரியவர்களை ஒப்பிட்டது. தாய்ப்பால் குடித்து வளர்ந்தவர்களுக்கு லிட்டருக்கு 0.04 மில்லிமோல் கொலஸ்ட்ரால் குறைவாக இருந்தது. தாய்ப்பாலை மட்டுமே குடித்தவர்களைத் தனியே பிரித்த ஆய்வுகளில் வேறுபாடு 0.15. இருக்கிறது, ஆனால் சிறியது. பெலாரஸில் 1996 முதல் 17,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சேர்த்து நடந்த பெரிய ஆய்வில், தாய்ப்பாலூட்டலை ஊக்குவித்த மருத்துவமனைகளில் பிறந்தவர்களைப் பதினோரு வயதுக்கு மேல் சோதித்தபோது, அளந்து பார்த்த இரத்த அளவுகளில் நன்மை தென்படவில்லை. ஆகவே, 'தாய்ப்பால் கொடுத்தால் பிள்ளைக்கு மாரடைப்பே வராது' என்று சொல்வது மிகை. தொற்றுநோய்களிலிருந்து பிள்ளையைக் காப்பதுதான் தாய்ப்பாலின் உறுதியான பலம். அதற்காகவே அதைக் கொடுக்கலாம்.

கொழுப்பைப் பற்றிய இந்தக் கதை ஜொகூருக்கு அந்நியமானதில்லை. நம் செம்பனைத் தோட்டங்களில் விளையும் எண்ணெய் பல பால்மாவு டின்களுக்குள் போகிறது. காரணம் பால்மிடிக் அமிலம். தாய்ப்பால் கொழுப்பில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். செம்பனை எண்ணெயிலும் அது நிறைய. பெயர் ஒன்றுதான், உட்காரும் இடம்தான் வேறு. கொழுப்பு மூலக்கூறை மூன்று பேர் உட்காரும் பெஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பாலில் பால்மிடிக் அமிலத்தின் பெரும்பகுதி நடுவில் உட்கார்ந்திருக்கும். செம்பனை எண்ணெயில் இரண்டு ஓரங்களில். குடலில் செரிமான நொதி ஓரங்களில் இருப்பவற்றைத்தான் வெட்டிவிடும். நடுவில் இருப்பது பெஞ்சோடு சேர்ந்து எளிதாக உடலுக்குள் போய்விடும். தனியே விடுபட்ட பால்மிடிக் அமிலமோ கால்சியத்தோடு சேர்ந்து சோப்புப்போல் உறைந்து மலத்தோடு வெளியேறும். கொஞ்சம் கொழுப்பும் கால்சியமும் வீண், மலமும் இறுகும். பால்மாவுக்கு மாறிய பிள்ளைக்கு மலம் கட்டிப்போகிறது என்று அம்மாக்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைச் சரிசெய்யத்தான், பால்மிடிக் அமிலத்தை நடுவுக்கு மாற்றிய 'பெட்டாபோல்' என்ற கொழுப்பு உருவானது. அதைத் தயாரித்த லோடர்ஸ் குரோக்லான் நிறுவனத்தை மலேசியாவின் ஐஓஐ குழுமம் 2002இல் யூனிலீவரிடமிருந்து வாங்கியது. நம் பாசிர் கூடாங்கிலும் லோடர்ஸ் குரோக்லானுக்கு எண்ணெய் ஆலை இருந்தது.

மீண்டும் தாய்ப்பாலுக்கு வருவோம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்கிறது சுகாதார அமைச்சு. 2023 முதல் சட்டப்படி கிடைக்கும் மகப்பேறு விடுப்போ 98 நாள். மீதி நாட்களுக்குப் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுத்தான் பல அம்மாக்கள் வேலைக்குப் போகிறார்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த அந்தப் பாலில் மேலே ஆடைபோல ஒன்று திரண்டு நிற்கும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள். அதுதான் கொழுப்பு, கொலஸ்ட்ராலும் அதில்தான் இருக்கிறது. போத்தலை வெதுவெதுப்பான நீரில் சற்று வைத்து, மெல்லச் சுழற்றிக் கலந்துவிட்டுக் கொடுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியிடமும் இதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.