செல்போனில் இருக்கும் பட்டாவும் வயல் படமும்... கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோவது எப்படி?

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம், ஊருக்கெல்லாம் செல்போன் செய்து கொடுத்த மண். 2006-ல் இங்கு உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, கோடிக்கணக்கான போன்களைச் செய்து அனுப்பிவிட்டு 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. பூட்டிக் கிடந்த அந்த வளாகத்தை, சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் வாங்கிக்கொண்டது. பக்கத்திலேயே சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் தயாராகின்றன. ஒரகடம் பக்கம் போனால் கார், லாரி, மோட்டார் சைக்கிள். வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது ஷிப்ட் பஸ் ஏறுகிற ஊர்கள் இவை.

ஆனால், அதே வீட்டுப் பெரியவர் போனில் இருக்கும் பட்டாவை ஒரு பிரின்ட் எடுக்க இ-சேவை மையத்துக்குப் போனால், ‘வாட்ஸ்அப்ல அனுப்புங்க’ என்பார்கள். அவரும் அனுப்பிவிட்டு வருவார். பட்டாவுக்கு அது போதும். வயலில் எடுத்த படங்களுக்குப் போதாது.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக ஒரு படத்தை அனுப்பினால், அது படத்தைச் சுருக்கிவிடும். 4 எம்.பி. படம் சில நூறு கே.பி. ஆகிவிடும். அதைவிட முக்கியமாக, படத்துக்குள் கேமரா பதிந்து வைத்திருக்கும் இடக்குறிப்பு போய்விடும். எடுத்த தேதியும் நேரமும் ஒட்டிவராது. பொங்கல் படத்துக்கு இதனால் நஷ்டமில்லை. சாய்ந்த பயிருக்கும், நில எடுப்பில் வரும் கிணற்றுக்கும் அந்தத் தேதியும் இடமும்தான் உயிர்.

இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என்று சிப்காட் பூங்காக்கள் வரிசையாக வந்த பகுதி இது. நிலம் எடுக்கும்போது மண்ணுக்கு மட்டுமல்ல, அதில் நிற்கும் மரம், கிணறு, கட்டடம் ஆகியவற்றுக்கும் தனியே மதிப்புப் போட வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். கணக்கெடுக்க வரும் அதிகாரி எழுதுவதுதான் கணக்கு என்றாலும், ‘இந்தத் தேதியில் இத்தனை தென்னை நின்றது’ என்று காட்ட நம் கையில் படம் இருப்பது வேறு, இல்லாதது வேறு. பயிர்க் காப்பீட்டிலும் அப்படித்தான். ஆலங்கட்டி மழை போன்ற வட்டார அளவிலான சேதத்தையும், அறுத்துக் காயப்போட்ட கதிர் மழையில் கெட்டதையும், திட்டம் பொருந்தும் இடங்களில் 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். அந்த அவசரத்தில் எடுத்த படம் பேரப்பிள்ளை விளையாடும்போது அழிந்துபோனால் திரும்ப எடுக்க முடியாது. வயல் அடுத்த வாரம் அப்படியே இருக்காது.

முதலில், கேமரா செட்டிங்கில் ‘லொகேஷன்’ பதிவாகும்படி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, ஒயர்.

சார்ஜ் ஏறுகிறது, படம் வரவில்லை

போனைக் கம்ப்யூட்டரில் செருகினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது, வேறொன்றும் தெரியவில்லை என்பதுதான் எல்லோரும் சொல்லும் புகார். பாதிப் பேருக்குக் காரணம் ஒயர்தான். சாதாரண யு.எஸ்.பி. ஒயருக்குள் நான்கு கம்பிகள் உண்டு. சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல ஒயர்களில் பச்சை, வெள்ளைக் கம்பிகளே இருக்காது. மோட்டாருக்குக் கரன்ட் வருகிறது, குழாயில் தண்ணீர் இல்லை என்கிற கதை. போன் வாங்கியபோது பெட்டியில் வந்த ஒயரை எடுத்து மாட்டிப் பாருங்கள்.

அப்போதும் வரவில்லையா? சார்ஜ் துளையைப் பாருங்கள். சட்டைப்பையில் போனோடு வயலுக்குப் போகிறவர்களின் துளையில் மண்ணும் பஞ்சும் அடைத்திருக்கும். போனை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குச்சியால் மெதுவாக எடுக்கலாம். ஊசி, கம்பி வேண்டாம். உள்ளே இருக்கும் தகடு வளைந்தால் செலவு பெரிதாகும்.

ஒயர் சரியாக இருந்தும் சார்ஜ் மட்டும்தான் ஏறுகிறது என்றால், அது பழுதில்லை. ஆண்ட்ராய்டு போன்கள் பாதுகாப்புக்காக அப்படித்தான் தொடங்கும். போனின் பூட்டைத் திறந்து, திரையின் மேலிருந்து கீழே இழுத்தால் யு.எஸ்.பி. மூலம் சார்ஜ் ஆவதாக ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டு ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். தமிழில் வைத்திருந்தால் ‘ஃபைல் பரிமாற்றம்’. உடனே கம்ப்யூட்டரின் ‘திஸ் பிசி’ பக்கத்தில் போனின் பெயர் தெரியும்.

அதைத் திறந்தால் உள்ளே ஏகப்பட்ட ஃபோல்டர்கள். பயப்பட வேண்டாம், தேவை மூன்றுதான். கேமராவில் எடுத்த படங்கள் ‘டிசிஐஎம்’ ஃபோல்டருக்குள் ‘கேமரா’வில் இருக்கும். அரசு இணையதளத்தில் இறக்கிய பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் ‘டவுன்லோட்’டில் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்தவை இப்போதைய போன்களில் ‘ஆண்ட்ராய்டு’, அதற்குள் ‘மீடியா’, அதற்குள் வாட்ஸ்அப் பெயரிலுள்ள ஃபோல்டர் என்று ஆழத்தில் கிடக்கும்.

வேண்டியதைத் தேர்ந்தெடுத்து ‘காப்பி’ செய்து, கம்ப்யூட்டரில் ‘பேஸ்ட்’ செய்யுங்கள். ‘கட்’ மட்டும் வேண்டாம். பாதியில் ஒயர் ஆடினாலோ கரன்ட் போனாலோ, இரண்டு பக்கமும் இல்லாமல் போகலாம். கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, போனில் அழிப்பதை ஆற அமர வைத்துக்கொள்ளலாம். படத்தின் மேல் வலது கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘டீடெய்ல்ஸ்’ என்று போனால் எடுத்த தேதியும் இடக்குறிப்பும் அப்படியே இருப்பதைப் பார்க்கலாம்.

ப்ளூடூத்தில் அனுப்பலாமே என்றால், நாலு படத்துக்குச் சரி. ஒரு ஜி.பி. அனுப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒயரில் ஓரிரு நிமிடம். அவசரத்துக்கு வாட்ஸ்அப்தான் வழி என்றால், படத்தை ‘கேலரி’யிலிருந்து அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், சுருங்காமல் போகும்.

பிறர் கம்ப்யூட்டரில் செருகும்போது

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் இ-சேவை மையத்திலோ பிரின்ட் கடையிலோதான் செருக வேண்டியிருக்கும். போனை ஆபரேட்டர் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ கொடுத்த கணத்திலிருந்து உங்கள் படங்கள், ஆவணங்கள் எல்லாம் அந்தத் திரையில் திறந்து கிடக்கும். ‘யு.எஸ்.பி. டீபக்கிங்கை அனுமதிக்கவா?’ என்று போன் கேட்டால் மறுத்துவிடுங்கள். படம் எடுக்க அது தேவையில்லை. பிரின்ட் முடிந்ததும் ஆதார், பட்டா நகல்களை அங்கேயே அழிக்கச் சொல்லுங்கள். ‘ஷிப்ட்’ விசையோடு ‘டெலீட்’ அழுத்தினால் குப்பைத்தொட்டிக்குப் போகாமல் நீங்கும். கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இன்னும் நல்லது, ஒரு பென்டிரைவ் வைத்துக்கொள்வது. 64 ஜி.பி. பென்டிரைவில் பத்தாயிரம் படங்களுக்கு மேல் அடங்கும். டைப்-சி முனையும் உள்ளதாக வாங்கினால், கம்ப்யூட்டரே இல்லாமல் போனிலிருந்து நேராக ஏற்றலாம். கடைக்குப் பென்டிரைவை மட்டும் எடுத்துப் போகலாம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, தொலைந்துபோன பட்டாவையும் சான்றிதழ்களையும் திரும்ப வழங்க அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. அதனால் ஒரு நகல் வீட்டில் என்றால், இன்னொன்று மேட்டுப்பாங்கான ஊரில் இருக்கும் மகள் வீட்டிலோ மச்சான் வீட்டிலோ இருக்கட்டும்.

கம்பெனிக்குப் போகும் பிள்ளை ஐபோன் வைத்திருந்தால் வழி கொஞ்சம் மாறும். ஒயரைச் செருகியதும் ‘இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?’ என்று கேட்கும். வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் மட்டும் ‘டிரஸ்ட்’ கொடுக்கலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் படங்களும் வீடியோக்களும் மட்டுமே தெரியும். பட்டா பிடிஎஃப் தெரியாது, அதை மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ள வேண்டும். 2023-ல் வந்த ஐபோன் 15-லிருந்து டைப்-சி ஒயரே பொருந்தும். அதற்கு முந்தையவற்றுக்கு லைட்னிங் ஒயர். படம் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை என்றால், கேமரா செட்டிங்கில் ‘ஃபார்மட்ஸ்’ பகுதிக்குப் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று மாற்றிக்கொண்டால், அடுத்து எடுக்கும் படங்கள் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும்.

எந்தப் போனாக இருந்தாலும், ஏற்றிய படங்களை அப்படியே குவியலாகப் போட்டுவிட வேண்டாம். சர்வே எண்ணும் ஆண்டும் போட்டு, ‘142-3 கிணறு 2025’ என்பதுபோல ஃபோல்டருக்குப் பெயர் வைத்துவிட்டால், கேட்கும் நாளில் தேட வேண்டியிருக்காது.