பாசிக்கும் பாஸ்வேர்டு உண்டு!

சாரல் சீசனில் ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தோம். பாறையில் கால் வைத்ததும் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். கை கொடுத்துத் தூக்கிய மைத்துனர், "அத்தான், இந்தப் பாசியில பெட்ரோல் எடுக்கலாம்னு சொல்லுதாங்களே, நம்ம தென்காசி வயல்ல தொட்டி கட்டி வளத்தா என்ன?" என்றார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பேங்க் லோன் வரை விசாரித்து வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து, கேமராவில் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கினோம். வெறும் பச்சைக் கட்டங்கள்தான் தெரிந்தன! நுண்பாசி ஒற்றைச் செல் உயிர். பார்க்க மைக்ரோஸ்கோப் வேண்டும். குளோரெல்லா போன்ற சில வகைகள் வெயிலில் தயாரித்த சர்க்கரையை மாவுச்சத்தாகச் சேமிக்கின்றன. சர்க்கரையை ஈஸ்ட் புளிக்க வைத்தால் எத்தனால் கிடைக்கும். 2025-ல் பெட்ரோலில் 20 சதவீதம் கலக்கும் இலக்கை இந்தியா எட்டியதே, அதே எத்தனால்தான். அது வருவது கரும்பு, மக்காச்சோளம், அரிசியிலிருந்து.

பாசியில் என்ன சிக்கல்? உங்கள் கம்ப்யூட்டரில் ஜிப் பைல் பார்த்திருப்பீர்கள். மாவுச்சத்தும் அப்படித்தான், ஏராளமான குளுக்கோஸைக் கோத்துச் சுருட்டிய சங்கிலி. ஈஸ்டுக்கு அதை அன்ஜிப் செய்யத் தெரியாது. போதாததற்கு செல் சுவர் என்ற பாஸ்வேர்டு வேறு. நீர்த்த கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்து உடைக்கலாம். ஆனால் கொதி மிஞ்சினால் சர்க்கரையே கெட்டு, ஈஸ்டுக்கு ஆகாத பொருட்கள் உண்டாகும். என்சைம் பக்குவமானது. ஆல்பா அமைலேஸ் சங்கிலியை வெட்டும்; குளூகோ அமைலேஸ் துண்டுகளைத் தனித்தனி குளுக்கோஸாக்கும். நம் எச்சிலிலும் அமைலேஸ் உண்டு. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறதே, அதனால்தான்.

2010-ல் தென்கொரிய ஆய்வாளர்கள் கிளாமிடோமோனாஸ் என்ற நுண்பாசியை இப்படி என்சைமால் உடைத்து, 1 கிராமுக்கு 235 மில்லிகிராம் எத்தனால் எடுத்தார்கள். மண்டபம் கடலில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் என்ற பெரிய கடல்பாசியை அமிலத்தில் வேக வைத்து எத்தனால் எடுத்துப் பார்த்ததும் உண்டு.

மைத்துனரைப் பக்கத்தில் உட்கார வைத்து எக்ஸெல் திறந்தேன். ஏ1 கட்டத்தில் 1000 கிராம் காய்ந்த பாசி. பி1-ல் அதை 0.235-ஆல் பெருக்கினால் 235 கிராம் எத்தனால், அதாவது சுமார் 300 மில்லி. திறந்த தொட்டியில் லிட்டருக்கு அரை கிராம் பாசி என்று வைத்தால், அந்த 1 கிலோவுக்கு 2000 லிட்டர் தண்ணீரை வடிகட்ட வேண்டும். வடிகட்ட, உடைக்க, காய்ச்சி இறக்க எல்லாவற்றுக்கும் கரண்ட். அப்புறம் என்சைம் விலை. இத்தனைக்கும் பிறகு, ஒரு லிட்டர் எத்தனாலில் இருப்பது பெட்ரோலின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான்.

மைத்துனர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தொட்டியில மீன் விட்டா?" என்றார். லோன் பேப்பர் மடித்தபடி சட்டைப் பைக்குப் போனது. மீனுக்கு இன்னொரு ஷீட் திறந்தேன்.