புள்ளி வைக்கும்போதே முடிந்துவிடும் கணக்கு

பொங்கலன்று வாசலை நிறைக்கப்போகும் சிக்குக் கோலம் பல வீடுகளில் முதலில் நோட்டுப் புத்தகத்தில்தான் பிறக்கிறது, பேனா முனையில். நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு 4 புள்ளியாக 3 வரிசை வையுங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் போக வேண்டும். ஓரத்துக்கு வந்த கோடு புள்ளியை வளைத்துத் திரும்ப வேண்டும். விதி இவ்வளவுதான். பேனாவை எடுக்காமல் இழுத்தால், 12 புள்ளிகளையும் சுற்றி முடித்துவிட்டுக் கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். இப்போது இன்னும் ஒரு வரிசை கூட்டி 4 வரிசையாக்குங்கள். அதே விதிப்படி வரைந்தால், கோடு சீக்கிரமே மூடிக்கொள்கிறது. மிச்சத்தை முடிக்க இன்னும் மூன்று கோடுகள் தேவைப்படுகின்றன.

எத்தனை கோடு வரும் என்பதை வரைந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. வரிசைகளின் எண்ணிக்கை, வரிசைக்கு உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை, இரண்டுக்கும் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை கோடுகள். 3க்கும் 4க்கும் பொது வகுத்தி 1. அதனால் ஒரே கோடு. 4க்கும் 4க்கும் 4. 4க்கும் 6க்கும் 2. பள்ளியில் பின்னங்களைச் சுருக்கப் படித்த அதே கணக்கு, கோலத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

ஏன் அப்படி? வளைவுகளை நிமிர்த்திப் பார்த்தால், கோலக்கோடு கேரம் பலகையில் சாய்வாக அடித்த காய் மாதிரி ஓடுகிறது: விளிம்பில் மோதும், திரும்பும், மறு விளிம்புக்குப் போகும். 3 வரிசை, 4 புள்ளிக் கோலத்தில் மேலும் கீழும் போய்வர 6 அலகு, இடமும் வலமும் போய்வர 8 அலகு. புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டுமானால் இரண்டு பயணமும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். 6ம் 8ம் முதன்முதலாக ஒத்துப்போவது 24இல். அந்தக் கோலத்தில் ஓடுவதற்கு இருக்கும் மொத்தப் பாதையும் சரியாக 24 அலகுதான். எனவே ஒரே ஓட்டத்தில் எல்லாம் தீர்ந்துவிடுகிறது. 4க்கு 4 கோலத்திலோ கோடு 8 அலகிலேயே வீடு திரும்பிவிடும். மொத்தப் பாதை 32. நான்கு பேர் ஓடினால்தான் முடியும்.

நான்கு கோடு வரும் கோலத்தையும் ஒற்றைக் கோடாக்கலாம். இரண்டு வேறு வேறு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில், வெட்டாமல் இரண்டையும் விலக்கி வளைத்துவிட்டால், இரண்டும் சேர்ந்து ஒன்றாகிவிடும். நான்கை ஒன்றாக்க, சரியான மூன்று இடங்கள் போதும். கோலம் போடுபவர்கள் சில இடங்களில் கோட்டை வெட்டவிடாமல் திருப்புவது அழகுக்கு மட்டுமில்லை. எத்தனை கோடு என்ற கணக்கையே அந்தத் திருப்பம் மாற்றிவிடுகிறது.

இந்த நுட்பம் கணினி அறிவியலுக்குள்ளும் புகுந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, 1974இல் கோலங்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு மொழியின் இலக்கணம் சொற்களை வாக்கியமாகக் கோப்பதுபோல, சில விதிகளைக் கொண்டு படத்தைப் படிப்படியாக வளர்க்கும் முறைக்குப் பட இலக்கணம் என்று பெயர். கோலம் அதற்கு ஆயத்த உதாரணமாக அமைந்தது. ஆப்பிரிக்காவின் அங்கோலாவில் சோக்வே மக்களும் மணலில் புள்ளி வைத்து, விரலால் முடிவில்லாக் கோடு இழுக்கிறார்கள். இதே விதியில் அமையும் படங்களில் அங்கும் இதே பொது வகுத்திதான் ஆட்சி செய்கிறது.

வாசலை விட்டு அடுப்படிக்குப் போனால், அங்கேயும் பாதி முடிவுகள் அடுப்பு பற்றவைக்கும் முன்பே எடுக்கப்பட்டுவிட்டன. முதல் முடிவை எடுப்பது ஊரின் உயரம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் மேலே இருக்கிறது. சுமார் 300 மீட்டர் ஏறினால், தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை ஒரு டிகிரி இறங்கும். சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் ஓசூரில் 97இலேயே கொதித்துவிடும். மலையிறங்கிக் கிருஷ்ணகிரிக்கு வந்தால் 98ஐத் தாண்டும். தீயை எவ்வளவு கூட்டினாலும், திறந்த பானையில் அதற்குமேல் சூடு ஏறாது.

பச்சரிசிக்கு இது பொருட்டில்லை. அதன் மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்பிக் குழைவதற்கு 70 டிகிரியை ஒட்டிய சூடே போதும். பருப்புதான் அடம்பிடிக்கும். பருப்பின் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது பெக்டின் என்ற இயற்கைப் பசை. அது கரைந்தால்தான் பருப்பு மலரும். சில டிகிரி குறைந்தாலும் அது கரைவது மந்தமாகிவிடும். இதற்குத் தீர்வு ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையிலேயே உருவாகிறது. பிரெஸ்டீஜ் குக்கர் தயாரிக்கும் நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. நீராவியை அடைத்துச் சமைக்கும் கலனை 1679இல் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கினார். நம் குக்கரின் மேல் ஆடும் வெயிட், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அளவு அழுத்தம் சேரும்வரை நீராவியை விடாது. உள்ளே சூடு 120 டிகிரியை நெருங்கும். கடற்கரையிலும் மேட்டு நிலத்திலும் விசில் அடிக்கும் குக்கருக்குள் சூடு ஏறக்குறைய ஒன்றுதான்.

பொங்கல் பானைக்கு மூடி கிடையாது. பொங்கி வழிவதுதானே விழா! வெறும் தண்ணீரில் குமிழிகள் வந்ததும் உடைந்துவிடும். பாலில் உள்ள புரதம் ஒவ்வொரு குமிழியின்மீதும் மெல்லிய உறை போர்த்துகிறது; உடையாத குமிழிகள் நுரையாக அடுக்குகின்றன. பானையின் வடிவமும் கைகொடுக்கிறது. அகன்ற வயிற்றில் கிளம்பும் நுரை குறுகிய கழுத்துக்குள் நுழைந்ததும், போக வேறு வழியின்றி விறுவிறுவென்று மேலேறும்.

வெல்லம் போடும் நேரத்தில்தான் ஆகப் பெரிய நுட்பம் இருக்கிறது. அரிசி குழைந்த பிறகே வெல்லம் என்பது பாட்டிமாரின் கட்டளை. முன்னாலேயே போட்டால் சர்க்கரை தண்ணீரைத் தன்னோடு பிடித்துக்கொள்ளும். மாவுச்சத்துக்கு நீர் கிடைக்காமல் அரிசி நறுக்கென்றே நிற்கும். வெல்லத்திலுள்ள கால்சியம் பருப்பின் பெக்டினை இறுக்கிவிடும். வெல்லத்தின் லேசான புளிப்பு, கொதிக்கும் பாலைத் திரிக்கவும் செய்யலாம். யுகாதிக்கு ஓசூர்ப் பக்கத்து வீடுகளில் செய்யும் ஒப்பட்டு என்ற போளிக்கும் இதே ஒழுங்குதான்: கடலைப்பருப்பு விரலால் நசுக்கினால் மசியும் பதத்துக்கு வந்த பின்னரே வெல்லம். பெக்டினையும் கால்சியத்தையும் வைத்து வேதியியல் இதற்குக் காரணம் சொன்னது வெகு காலம் கழித்து. எதை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது என்ற வரிசையைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தவர்கள், அந்த அடுப்பின் முன் நின்ற பெண்கள்.