இல்லமும் ஒரு பள்ளியே: இளம் பிள்ளைகளின் கல்விக்குப் பெற்றோர் துணை

“நாங்கள் படிக்காதவர்கள், ஐயா. எங்கள் பிள்ளைக்கு நாங்கள் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?” பெற்றோர் பள்ளிக்கு வருகை தரும் நாள்களில் நாம் அடிக்கடி செவிமடுக்கும் சொற்கள் இவை. இவ்வாறு கூறும் தாயும் தந்தையும் பொழுது புலருமுன் வேலைக்குப் புறப்படுவோர். மாலையில் களைத்து வீடு திரும்புவோர். அவர்தம் குரலில் ஒலிப்பது அக்கறையின்மை அன்று, அச்சமே. அவ்வச்சத்தைப் போக்குவதும், எழுத்தறியாத பெற்றோரும் கைக்கொள்ளத்தக்க சில எளிய வழிகளை எடுத்துரைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் நாட்டில் தமிழ்க் கல்வியின் வரலாறு நெடியது. 1816-ஆம் ஆண்டில் பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு ஒன்று தொடங்கப் பெற்றது. பின்னர், 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேரேனும் இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைக்க வகை செய்தது. அவ்வாறு எழுந்த சிறு கொட்டகைகளிலேதான் நம் பாட்டன்மார் பலர் எழுத்தறிந்தனர். சட்டம் பள்ளியைக் கட்டச் செய்யும். ஆயின், மாலை வேளையில் பிள்ளையின் அருகே ஒருவரை அமரச் செய்ய எச்சட்டத்தாலும் இயலாது. அது பெற்றோர் கையிலேயே உள்ளது.

முன்பு ஆறாம் ஆண்டின் இறுதியில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தது. அதன் முடிவைக் கண்ட பின்னரே தம் பிள்ளையின் நிலையை உணர்ந்த பெற்றோர் பலர். 2021-ஆம் ஆண்டில் அத்தேர்வு நீக்கப்பட்டது. தேர்வு இருப்பினும் இல்லாவிடினும், ஆறாண்டுகள் காத்திருந்து அறிய வேண்டிய செய்தி அன்று இது. முதல் மூன்றாண்டுகளில் சரளமாக வாசிக்கக் கற்காத பிள்ளை, பின்னர் கணக்கிலும் அறிவியலிலும் இடர்ப்படும். கணக்குத் தெரியாமையால் அன்று. கணக்கின் வினாவையே படித்தறிய இயலாமையால். ஆகவே, தொடக்க வகுப்புகளிலேயே விழிப்புடன் இருத்தல் இன்றியமையாததாகும்.

நாள்தோறும் பத்து நிமிட வாசிப்பு

முதலாவதாக, நாள்தோறும் பத்து நிமிடம் பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வாசிப்பதைவிட நாளும் பத்து நிமிடம் வாசிப்பதே பெரும்பயன் தரும். மறப்பதற்குள் மீண்டும் பார்த்த எழுத்தே மனத்தில் தங்கும்.

கேட்பவர் எழுத்தறிந்தவராக இருத்தல் வேண்டும் என்பதில்லை. வாசிக்கும்போது பிள்ளையின் விரல் சொற்களின் கீழ் நகர்கிறதா எனக் கவனியுங்கள். எங்கே தடுமாறுகிறது என்பதைச் செவியே காட்டிக் கொடுக்கும். சில பிள்ளைகள் பாடத்தை மனப்பாடமாக ஒப்புவிப்பர். நாமும் வாசிப்பதாக எண்ணி மயங்குவோம். இதனை அறிய ஒரு வழியுண்டு. நடுவில் உள்ள ஒரு சொல்லைச் சுட்டி, “இது என்ன?” என்று கேளுங்கள், அல்லது இறுதிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படிக்கச் சொல்லுங்கள். உண்மையில் எழுத்தறிந்த பிள்ளை மட்டுமே விடை கூறும். வாசித்து முடித்ததும், “என்ன நடந்தது? ஏன் அப்படி நடந்தது?” என வினவி, கதையைத் தன் சொற்களில் கூறச் செய்யுங்கள்.

நம் வகுப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுத்துக்கூட்டிப் படிக்கவும் இயலாதிருந்தாள். அவளுடைய பாட்டியார் கையொப்பமிடவும் அறியாதவர். எனினும், நாள்தோறும் விளக்கேற்றிய பின் பேத்தியை அருகில் அமர்த்தி, “எனக்குப் படித்துக் காட்டு, அம்மா” என்று கேட்டு வந்தார். பேத்தி தவறாகப் படித்தால் பாட்டியாருக்குத் தெரியாது; ஆனால், கதை பொருளற்றுப் போனால் தெரிந்துவிடும். “அது எப்படி? மறுபடியும் பார்” என்பார். ஆண்டிறுதியில் அம்மாணவி வகுப்பின் முன் நின்று ஒரு பக்கத்தைத் தட்டுத் தடுமாறாமல் படித்தாள். பாட்டியார் கற்பித்தது எழுத்தையன்று; பொருள் உணர்ந்து படிக்கும் பழக்கத்தை.

எழுத்தும் சொல்லும்

தமிழில் 247 எழுத்துகள் என்றதும் பிள்ளைகள் மலைப்பதுண்டு. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. எஞ்சிய 216 உயிர்மெய்களும் இவற்றின் சேர்க்கையே. துணைக்கால், கொம்பு முதலிய குறிகளை அறிந்த பிள்ளை பெரும்பாலானவற்றைத் தானே அறியும். கு, சு, து எனவும் கூ, சூ, தூ எனவும் வரும் வரிசைகள் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் அவற்றைத் தனியே பயிற்றல் வேண்டும். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னே நிற்பினும், அதன் ஒலி பின்னரே வரும். இளம் பிள்ளைகள் இங்கே தடுமாறுவது மந்தத்தனம் அன்று, இயல்பே.

ல, ள, ழ மயக்கத்தையும், ர, ற மயக்கத்தையும் நீக்கப் பொருள் வேறுபடும் சொற்களை இணை இணையாகக் கூறச் செய்யலாம். வலை, வளை, அரை, அறை, மனம், மணம், தவலை, தவளை. வீட்டிலுள்ள பொருளையும் தோட்டத்தில் காணும் உயிரையும் காட்டிக் கூறினால் வேறுபாடு மனத்தில் பதியும்.

தவறிய சொல்லை இருபது முறை எழுதச் சொல்லும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. ‘பள்ளிக்கூடம்’ என்பதைப் பிள்ளை ‘பள்ளிகூடம்’ என எண்ணியிருந்தால், இருபது முறையும் அத்தவற்றையே கைக்குப் பழக்கும். அதற்கு மாறாக, சொல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்பு மூடி எழுதச் சொல்லுங்கள். திறந்து ஒப்பிடச் சொல்லுங்கள். நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் போதும். மறுநாள் அவ்வைந்தையும் மீண்டும் கேளுங்கள்.

மற்றொன்று. தமிழ்நாட்டில் 1978-ஆம் ஆண்டில் வந்த எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் படித்தோர், ணை, லை, னை முதலியவற்றை வேறு வடிவில் எழுதுவர். தாத்தாவின் எழுத்தும் பேரனின் எழுத்தும் மாறுபடின், பேரன் பிழை செய்துவிட்டான் எனக் கடிதல் ஆகாது.

கணக்கு

52-இல் 27 போனால் எவ்வளவு? பல பிள்ளைகள் 35 என்பர். ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுவதே காரணம். இதனைத் துடைப்பத்து ஈர்க்குகளைக் கொண்டு திருத்தலாம். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து கட்டுகளையும் இரண்டு உதிரிகளையும் பிள்ளையிடம் கொடுங்கள். இரண்டிலிருந்து ஏழை எடுக்க இயலாது. ஆகவே, ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும். இப்போது கட்டு நான்கு, உதிரி பன்னிரண்டு. பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து. நான்கு கட்டில் இரண்டு போனால் இரண்டு. விடை 25. கட்டை அவிழ்த்த கையே ‘கடன் வாங்குதல்’ என்பதன் பொருளை உணரும்.

மளிகைக் கடையும் கணக்கு வகுப்பே. பத்து வெள்ளி கொடுத்தால் மீதி எவ்வளவு எனப் பிள்ளையைக் கேளுங்கள். 2008-ஆம் ஆண்டு முதல் ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகை ஐந்து சென்னுக்குச் சரிசெய்யப்படுகிறது. 7 வெள்ளி 82 சென் என்பது 7 வெள்ளி 80 சென் ஆவதும், 83 சென் என்பது 85 சென் ஆவதும் ஏன் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வெட்டும் பால்மரங்களையும், அறுக்கும் செம்பனைக் குலைகளையும் நாளும் எண்ணும் பெற்றோர், தமக்குக் கணக்குத் தெரியாது எனக் கூறுவது தன்னடக்கமே.

மும்மொழியும் தாய்மொழியும்

நம் பிள்ளைகள் முதலாண்டிலேயே தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் கற்கின்றனர். அதனால் வீட்டில் தமிழைக் குறைக்க வேண்டும் எனச் சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. பொருளைத் தாய்மொழியில் தெளிவாக அறிந்த பிள்ளைக்கு வேற்றுமொழியில் அதன் பெயரை மட்டுமே கற்க வேண்டியிருக்கும். எனவே, அன்று நடந்தவற்றைத் தமிழில் முழு வாக்கியங்களாகப் பேசச் செய்யுங்கள். மலாயும் ஆங்கிலமும் ஒரே ரோமன் எழுத்தில் அமைந்திருப்பதால் ஒலிக் குழப்பம் நேரும். ‘சி’ எனும் எழுத்து, கோப்பையைக் குறிக்கும் ‘சாவான்’ எனும் மலாய்ச் சொல்லில் சகரமாகும். பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் ககரமாகும். இதனைப் பிள்ளைக்கு எடுத்துரைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

உடலும் உள்ளமும்

கரும்பலகையைக் கண் சுருக்கிப் பார்க்கும் பிள்ளை, அழைத்தால் திரும்பாத பிள்ளை ஆகியோரைச் சோம்பேறி எனக் கருதுமுன் கண்ணையும் காதையும் சோதிக்கச் செய்யுங்கள். காலை உணவின்றி வரும் பிள்ளையின் கவனம் பத்து மணிக்கு முன்பே சிதறும். இரவு நெடுநேரம் கைப்பேசி பார்க்கும் பிள்ளை வகுப்பில் உறங்கும். அடியும் வசையும் எழுத்தைக் கற்பிப்பதில்லை. எழுத்தைக் கண்டு அஞ்சவே கற்பிக்கும்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் ஒரு பணியுண்டு. தம்பி தங்கையர் வாசிக்கும்போது அருகே அமருங்கள். பெற்றோர்க்குப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் எழுத்தறியாதவர் எனில், அதனை எள்ளாது போற்றுங்கள். உங்கள் பையிலுள்ள புத்தகத்திற்காகத் தம் உறக்கத்தைக் கொடுத்தவர்கள் அவர்கள்.

பெற்றோர்களே! ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது’ எனும் பழமொழியைப் பிள்ளைகளிடம் அடிக்கடி கூறுகிறோம். வளைப்பதற்கும் அன்பான கை ஒன்று வேண்டும் என்பதை மறத்தலாகாது. இன்று மாலையே பிள்ளையை அருகில் அழைத்து, “எனக்குப் படித்துக் காட்டு” என்று கூறுங்கள். பத்து நிமிடம் செவி கொடுங்கள். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதை மறுநாள் எம்மிடம் வந்து தெரிவியுங்கள். எஞ்சியவற்றை நாம் இணைந்து செய்வோம்.